வள்ளல்கள் கடையைக் கட்டிவிட்டார்கள்!



2025ஆம் வருஷம் ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதியாக டிரம்ப் பதவி ஏற்றார். அன்றைக்கே ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அந்நிய நாடுகளுக்குக் கொடுக்கும் உதவிப் பணம் தொண்ணூறு நாளைக்கு நிறுத்தம் என்பது அந்த உத்தரவு. கையெழுத்து விழுந்தது வாஷிங்டனில். பூட்டு விழுந்தது எங்கே தெரியுமா? ஹைதராபாத்தில், தாணேயில், புணேயில். அந்த மூன்று நகரங்களிலும் திருநங்கையருக்கென்று நடந்துவந்த மித்ர் என்ற மருத்துவ நிலையங்கள் சில வாரங்களுக்குள் கதவைச் சாத்தின. எச்.ஐ.வி. சோதனை, சிகிச்சை, ஆலோசனை எல்லாம் அங்கே கிடைத்து வந்தன. வேலை பார்த்தவர்களிலேயே பலர் திருநங்கையர். ஒரே நாளில் வைத்தியமும் போயிற்று, வேலையும் போயிற்று. ஜூலை முதல் தேதியன்று, பணம் கொடுத்து வந்த யு.எஸ்.எய்ட் என்ற அந்த ஸ்தாபனமே இழுத்து மூடப்பட்டது.

நோய் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2023ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் 25 லட்சம் பேருக்கு மேல் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறார்கள். நோய் இருக்கிறது. நோயாளி இருக்கிறார். வள்ளலுக்கு மனம் மாறிவிட்டது, அவ்வளவுதான்!

நமக்கென்ன என்கிறீர்களா?

"அது பட்டணத்து நோய். தப்புத்தண்டா செய்கிறவனுக்கு வருகிற நோய். கழனியிலே குனிந்து நிமிர்கிறவனுக்கும், மில்லிலே மூன்று ஷிப்டு பார்க்கிறவனுக்கும் அதிலே என்ன பேச்சு?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். பதில் சொல்லுகிறோம்.

மரக்காணத்து உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் தண்ணீரில் முழுகிப் போகின்றன. வெயில் திரும்பி, பாத்தி கட்டி, மறுபடி உப்பு விளைகிற வரை கூலி என்ற பேச்சே கிடையாது. மழை வந்ததென்று வயிறு லீவு போடுமா? இடையஞ்சாவடிப் பக்கத்துக் கழனிகளிலும் நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே இதே கதைதான். முன்பெல்லாம் பக்கத்துப் புதுவையிலே மில் இருந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சுத் துருப்புகளின் குண்டுக்குப் பன்னிரண்டு தொழிலாளிகள் பலியாகி, எட்டு மணி நேர வேலையை வாங்கிக் கொடுத்த மண் அது. அந்த மண்ணிலே ஆங்கிலோ பிரெஞ்சு மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். இனி எங்கே போவது? மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறான். கடற்கரைச் சாலையிலே சுமார் 150 கிலோமீட்டர் போனால் சென்னை. அடுக்குமாடி எழும்புகிற இடத்திலே தகரக் கொட்டகை. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரிலே, இவன் கொட்டகையிலே, பத்துப் பேரோடு ஒருவனாக. உப்பு ஏற்றிய லாரியை ஓட்டுகிறவனுக்கு அந்தக் கொட்டகைகூட இல்லை. ரோட்டோரம்தான் வீடு.

இப்படி வீட்டைப் பிரிந்து ஆறு மாதம், எட்டு மாதம் கிடக்கிறவனுக்குச் சர்க்கார் கோப்புகளிலே என்ன பெயர் தெரியுமா? "பாலம்"! ஆம், தோழர்களே. லாரி ஓட்டுகிறவர்களையும், ஊர்விட்டு ஊர் போய்க் கூலி செய்கிறவர்களையும் நோய்த் தடுப்புத் திட்டத்திலே "பாலமாக உள்ள மக்கள்" என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு கரையிலே பாலியல் தொழில் செய்யும் பெண்கள். மறு கரையிலே கண்ணியமான குடும்பங்கள். நடுவிலே நாம்! நம் முதுகின்மேல் நடந்துதான் நோய் அக்கரை சேருகிறதாம். கிருமி பரவும் வழியைச் சொல்ல அந்த வார்த்தை உதவலாம். ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டிய காண்டிராக்டர் யார், முன்பணம் கொடுத்த மேஸ்திரி யார், மில்லை மூடிய மகராஜன் யார் என்று எந்தக் கோப்பாவது கேட்டிருக்கிறதா?

இருபது வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுச் சாலையெங்கும் புள்ளிராஜா என்று ஒரு விளம்பரப் பலகை நின்றது, ஞாபகம் இருக்கும். அவனுக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று ஊரே பேசிச் சிரித்தது. அந்தப் புள்ளிராஜாவுக்குக் கூலி என்ன, அவன் ஏன் வீட்டில் இல்லை என்று ஒரு பலகையும் கேட்கவில்லை. பலகைக்குப் பணம் உண்டு. கேள்விக்கு இடமில்லை.

பூட்டிய அறையிலிருந்து எடுத்த ரத்தம்

இந்த நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான். வருஷம் 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற இளம் டாக்டர், தம் பேராசிரியை சுனிதி சாலமன் சொன்ன யோசனைப்படி, பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துவந்து காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சாதனம் இல்லை, கையுறைகூட இல்லை. எடுத்த ரத்தத்தை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்கு நோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. "இங்கே அதெல்லாம் வராது" என்று பெருமையடித்துக் கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த இரண்டு பெண் டாக்டர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். சுனிதி சாலமன் பிறகு சர்க்கார் உத்தியோகத்தை விட்டு வெளியே வந்து, யாரும் தொட அஞ்சிய நோயாளிகளுக்காக 1993இல் நிலையம் தொடங்கி, 2015இல் கண் மூடும் வரை பாடுபட்டார். அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் காரியத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதே தெரியாது. தேசத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது அவர்களுடைய ரத்தம். தேசம் அவர்களுக்கு என்ன கொடுத்தது? பூட்டு! நோய் கண்ட பெண்களை விடுதலை செய்யவேண்டிய காலம் கடந்த பின்னும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. அந்தப் பெண்களிடம் போய் வந்த ஆண்களில் ஒருவனாவது பூட்டப்பட்டானா? பதில் உங்களுக்கே தெரியும்.

வந்தது டாலர்

பயம் வந்ததும் பணம் வந்தது. 1994இல் தமிழ்நாட்டு சர்க்கார் எய்ட்ஸ் தடுப்புக்கென்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மறு வருஷம் சென்னை வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி மூலமாக யு.எஸ்.எய்ட் பணம் இறங்கிற்று. 2003இல் பில் கேட்ஸ் சீமானின் அறக்கட்டளை ஆவஹன் என்ற பெயரில் ஆறு மாநிலங்களில் கடை விரித்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. முதலில் 20 கோடி டாலர் என்றார்கள். பிறகு அது இன்னும் ஏறிற்று. தலைமைக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? மெக்கின்ஸி என்ற கம்பெனியிலிருந்து ஒரு பெரிய அதிகாரியை. முதலாளிகளுக்கு லாபத்துக்கு வழி சொல்லிக் கொடுக்கிற கம்பெனி அது. வியாபாரம் நடத்துகிற மாதிரியே தர்மத்தையும் நடத்துவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். வியாபாரத்தில் என்ன நடக்கும்? கணக்கு முடிந்தால் கடையை மாற்றுவார்கள். அப்படியே நடந்தது. 2009 தொடங்கிச் சில வருஷங்களுக்குள் எல்லாவற்றையும் சர்க்கார் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பணத்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். பொய் சொல்லி வாதாட வேண்டிய அவசியம் தொழிலாளி வர்க்கத்துக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2001இல் கருவுற்ற பெண்களில் நூற்றில் ஒருவருக்கு மேல் இந்தக் கிருமி இருந்தது. 2007 வாக்கில் அது நானூறில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிற்று. பெரிய காரியம்தான். ஆனால் இந்தக் காரியத்தைச் செய்தது யார்? டாலரா நடந்துபோய் ஆணுறை கொடுத்தது?

பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்துப் பின்புறத்திலும் ராத்திரி பத்து மணிக்கு நின்றவர்கள் அதே தொழிலில் உழன்ற பெண்கள், அதே திருநங்கையர். "சக கல்வியாளர்" என்று அவர்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள். அறுபது பேருக்கு ஒருவர் என்று விதி வகுத்தார்கள். அந்த அறுபது பேரும் எங்கே நிற்கிறார்கள், யாருக்குப் போலீஸ் தொல்லை, யார் இந்த மாதம் சோதனைக்குப் போகவில்லை, எல்லாம் அவள் மனசிலே இருக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட்ட குறிப்பேடு. கோடு கிழித்துக் கிழித்து அந்தப் பெண்கள் சேர்த்த கணக்குதான் மேலே ஏறி ஏறி, கடைசியில் ஆங்கிலப் புத்தகமாகி, வெளிநாட்டு மாநாட்டிலே கைதட்டல் வாங்கிற்று.

அவர்களுக்குக் கிடைத்தது சம்பளமா? இல்லை, "மதிப்பூதியம்"! வார்த்தையைக் கவனியுங்கள். சம்பளம் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரும், பிராவிடண்டு நிதி வரும், இ.எஸ்.ஐ. வரும், சங்கம் வரும். மதிப்பூதியம் என்றால் மதிப்பு மட்டும் வரும். அதை உலையில் போட்டுப் பொங்க முடியாது. அங்கன்வாடி ஊழியர்களிடமும் ஆஷா ஊழியர்களிடமும் ஆளவந்தார்கள் செய்கிற அதே தந்திரம் இது. சேவை என்று பெயர் சூட்டிவிட்டால் கூலி கொடுக்க வேண்டாமல்லவா?

போலீஸ் செய்ததையும் சொல்லவேண்டும். ஒரு சர்க்கார் இலாகா பெண்ணின் கையில் ஆணுறையைக் கொடுக்கும். இன்னொரு சர்க்கார் இலாகா அதே ஆணுறையைச் சாட்சியமாக வைத்து அவளைப் பிடிக்கும். 2001 ஜூலையில் லக்னோவில் தடுப்புப் பிரசாரம் செய்த தொண்டர்களையே பிடித்து 47 நாள் ஜெயிலில் வைத்தார்கள். வள்ளல்கள் அறிக்கை விட்டார்கள். ஜெயிலில் கிடந்தவர்கள் கிடந்தார்கள்.

தர்மத்தின் சங்கிலி

தானம் கொடுக்கிறவன் கையில் ஒரு கயிறும் இருக்கும். மற்ற தர்மங்களில் அது கண்ணுக்குத் தெரியாது. இதிலே பகிரங்கமாகவே தெரிந்தது. 2003இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. எங்கள் எய்ட்ஸ் பணத்தை வாங்குகிற ஸ்தாபனம் பாலியல் தொழிலை எதிர்ப்பதாகக் கொள்கைப் பிரகடனம் எழுதித்தர வேண்டும் என்றது. யாருக்குத் துணை செய்யப் போகிறோமோ அவர்களைக் கண்டித்து முதலில் கையெழுத்துப் போடு, பிறகு பணம் வாங்கிக்கொள்! பிரேஸில் நாடு 2005இல் நான்கு கோடி டாலர் வேண்டாமென்று தள்ளிற்று. மஹாராஷ்டிரத்து ஸாங்க்லியில் பாலியல் தொழிலாளிப் பெண்களும் அவர்களோடு நின்றவர்களும் அந்தப் பணத்தை ஏற்க மறுத்தார்கள். படிப்பில்லாத பெண்கள், கடனில் முழுகியவர்கள், சொந்த மானத்துக்காக டாலரை வேண்டாமென்றார்கள்! கோட்டு சூட்டு போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர் மறு பேச்சில்லாமல் கையெழுத்திட்டார்கள்.

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கல்கத்தாவில் சோனாகாச்சி என்றொரு வட்டாரம். 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே எச்.ஐ.வி. தடுப்பு வேலையைத் தொடங்கினார். ஆணுறை வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதுமா? அந்தப் பெண்கள் அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது வந்தவனைத் திருப்பி அனுப்ப முடியாது. நான் ஒருத்தி மறுத்தால் அவன் அடுத்த வீட்டுக்குப் போவான்.

மில் தொழிலாளிக்கு இதைப் புரியவைக்க நாம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒருவன் மட்டும் கூலி உயர்த்திக் கேட்டால் கேட்டுக்கு வெளியே நிற்பான். எல்லோரும் கேட்டால்? அதைத்தான் அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். 1995இல் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்று தங்களுக்கொரு ஸ்தாபனம் கண்டார்கள். அதே வருஷம் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். குடும்பப் பெண்கள் என்று எழுதிக் கொடுங்கள், பதிவு செய்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். முடியாது, நாங்கள் செய்கிற தொழிலைத்தான் எழுதுவோம் என்று நின்று ஜெயித்தார்கள். வட்டிக்காரனின் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் "ஆணுறை இல்லாவிட்டால் போ" என்று சொல்ல வாய் வந்தது. 1990களின் பின்பாதியில் பம்பாயில் இத்தொழிலில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கிருமி பரவியிருந்த காலத்தில், சோனாகாச்சியில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அங்கேயும் வெளிப் பணம் வராமலில்லை, வந்தது. ஆனால் கணக்குப் புத்தகமும் கட்டளையும் அந்தப் பெண்கள் கைக்கு வந்து சேர்ந்தன. இதுதான் வித்தியாசம்.

மருந்துக்கும் விலை போட்டார்கள்

தடுப்பைப் பேசினால் மருந்தைப் பேசாமல் இருக்கமுடியாது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அது மற்றவருக்குப் பரவுவதில்லை. ஆக, மருந்தே ஒரு தடுப்பு. இந்த மருந்துக்கு மேல்நாட்டுக் கம்பெனிகள் ஆளொன்றுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கறந்துகொண்டிருந்தன. 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பெனி அதையே 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. சிப்லாவும் முதலாளிதான், நாம் அதற்கு மாலை போடவில்லை. 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோகம் கொடுக்காமல் இருந்ததால் அது முடிந்தது.

மருந்து நம் நாட்டில் தயாராயிற்று. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிற்று. நல்லது. ஆனால் தாம்பரம் சானடோரியத்தின் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவனுக்கு? 2004 ஏப்ரல் முதல் தேதிதான் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து தொடங்கிற்று. முதலில் எட்டே எட்டு ஆஸ்பத்திரிகள், தாம்பரம் அதில் ஒன்று. நடுவே போன மூன்று வருஷத்தில் எத்தனை தாலி அறுந்ததோ! மலிவான மருந்து இங்கேயே கிடைத்த காலம் அது.

இன்று என்ன நடக்கிறது?

"இப்போது பெரும்பாலும் நம் சொந்தப் பணம்தானே, அந்நியரிடம் கையேந்தவில்லையே" என்று டில்லி சொல்லும். உண்மைதான். 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை ஐந்து வருஷத்துக்கு 15,471 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் ஒதுக்கிற்று. அப்படியானால் கேட்கிறோம். பணம் ஜனங்களுடைய வரிப்பணம். வேலை நிரந்தரமான வேலை. வேலை செய்கிறவர்கள் மட்டும் ஏன் இன்னும் ஒப்பந்தத்தில்? நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுக்கிறவர், ஆலோசனை சொல்லுகிறவர், மருந்து கொடுக்கிறவர், இவர்களில் பலர் வருஷக்கணக்கில் தாற்காலிகம்! தெருவில் இறங்கிச் செய்கிற வேலையோ தொண்டு ஸ்தாபனங்களுக்குக் காண்டிராக்டு. காண்டிராக்டு புதுப்பிக்கத் தாமதமானால் ஊதியம் நிற்கும், ஆள் நிற்பார். வள்ளல் போய்விட்டான், அவன் விட்டுப்போன வழக்கத்தைச் சர்க்கார் விடமாட்டேன் என்கிறது.

இந்த அலட்சியம் எங்கே போய் முடியும் என்பதை 2018 டிசம்பரில் சாத்தூரில் பார்த்தோம். ரத்தசோகைக்குச் சிகிச்சைக்கு வந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்பே அவர் ரத்தம் கொடுத்தபோது சோதனையில் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை. தெரிந்ததும் பதறிப்போய்த் தாமே முன்வந்து சொன்னவர் அவர்தான். பிறகு விஷம் குடித்து மாண்டார். உண்மையைச் சொன்ன ஏழை செத்தான். சேதி சொல்லவேண்டிய இலாகா விசாரணைக் கமிட்டி போட்டது.

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல. தெருவில் இறங்கித் தடுப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சம்பளம், நிரந்தரம், சங்கம் வைக்கும் உரிமை வேண்டும். ஆணுறையைச் சாட்சியமாக எடுக்கிற போலீஸ் அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும். சென்னையில் கட்டடம் எழுப்புகிற காண்டிராக்டர், தொழிலாளி குடும்பத்தோடு தங்க அறை கட்டித் தரவேண்டும். தகரக் கொட்டகையில் ஆணுறைப் பெட்டி மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போகக்கூடாது. மரக்காணம் உப்பளத் தொழிலாளிக்கு மழை மாதங்கள் முழுவதும் வயிற்றுக்குப் போதுமான நிவாரணம் வேண்டும். ஊரை விட்டு ஓடாமல் இருக்க வழி செய்யாமல், ஓடுகிறவனைப் பாலம் என்று எழுதி என்ன பயன்?

மில்லிலும் பாக்டரியிலும் வேலை செய்கிற தோழர்களுக்கு இன்னொன்று. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின்படி, இந்த நோய் இருக்கிறது என்பதற்காக யாரையும் நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கக்கூடாது. ரத்தச் சோதனை செய்துகொண்டு வந்தால்தான் வேலை என்று சொல்லவும் கூடாது. நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருந்தாக வேண்டும். உங்கள் மில்லில் அவர் யார் என்று நாளைக்கே மானேஜரிடம் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாமல் விழித்தால் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். சந்தேகம் உள்ளவர் சர்க்கார் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். சோதனை இலவசம், முடிவை வெளியே சொல்லமாட்டார்கள். 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்தும் கேட்கலாம். கொட்டகையில் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவருக்கும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.